பூங்காவின் கதவை யார் திறப்பது?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோருக்கு எழுதித் தரப்படும் சீட்டில், மாத்திரைகளின் பட்டியலுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "தினமும் நடக்கவும்." மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். நடப்பதற்கு இடம் வேண்டுமே! கோவை போன்ற நகரத்தில் அந்த இடம் தெருமுனைப் பூங்காவாக இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்சாலையாக இருக்கும். குளக்கரையாகவோ, ரேஸ்கோர்ஸைச் சுற்றிய இரண்டரைக் கிலோமீட்டர் நடைபாதையாகவோ இருக்கும். ஆக, நோயாளியின் சிகிச்சையில் ஒரு பகுதி, அவருக்கு மட்டும் உரிமையில்லாத, பலருக்கும் பொதுவான ஓர் இடத்தில் நடைபெறுகிறது.

2020 மார்ச் இறுதியில் அந்தப் பொது இடங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. அச்சம் புதிதாக இருந்த அந்நாள்களில் மூடுவதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டனர். எப்போது திறப்பது, யாருக்குத் திறப்பது, எந்த நிபந்தனையோடு திறப்பது என்பவற்றில்தான் அண்டை அயலார்க்குள் மனக்கசப்பு ஏற்பட்டது. அந்த வாக்குவாதங்களில் மிகக் குறைவாகக் கேட்கப்பட்ட குரல் நோயாளிகளுடையது என்பது எங்கள் எண்ணம்.

உலக சுகாதார நிறுவனம் கோவிட் அவசர நிலையை 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டது. முடிந்துபோன ஒன்றை இப்போது பேசுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். நோய் பரவும் வேளையில் எடுக்கப்படும் முடிவுகள் அச்சத்தில் பிறக்கின்றன. அமைதியான காலத்தில் பேசி வைத்த முடிவுகளே அப்போது கைகொடுக்கும். ஆகவேதான் இந்தக் கட்டுரை.

திறப்பின் வரிசை

கொள்ளைநோயால் பொது இடங்கள் வெறிச்சோடுவது கோவைக்கு முதல் அனுபவம் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் பிளேக் நோய் இந்நகரைப் பலமுறை தாக்கியது. பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் நகரில் இன்றும் விளங்கும் கோயில்கள் அந்த நாள்களின் நினைவைச் சுமந்து நிற்கின்றன. ஆனால், மூடிய இடங்களை எந்த வரிசையில் திறப்பது என்று அரசாணை வழியாக, தேதி குறித்து முடிவு செய்யப்பட்டதை நம் தலைமுறை கோவிட் காலத்தில்தான் கண்டது.

அந்த வரிசையைச் சற்றே நினைவுகூர்வோம். 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மே 7 அன்று சென்னை நீங்கலாக மதுக்கடைகள் திறக்கப்பட்டன. சென்னை உயர் நீதிமன்றம் மறுநாளே அவற்றை மூட உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்ததும் மே 16 அன்று மீண்டும் திறக்கப்பட்டன. உடற்பயிற்சிக் கூடங்களுக்கு ஆகஸ்ட் 10 முதல் அனுமதி கிடைத்தது. அதுவும் 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் உடற்பயிற்சிக்காகத் திறக்கப்பட்டது செப்டம்பர் 1 அன்று. சென்னை மெரினா கடற்கரைக்கு மக்கள் செல்ல டிசம்பர் 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீச்சல் குளங்களை அனைவரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசின் நெறிமுறை கூறியது 2021 பிப்ரவரி 1 முதல்தான்.

கூரையில்லாத பூங்கா, கூரையுள்ள பல இடங்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நின்றது. மதுக்கடை திறந்திருக்கப் பூங்கா பூட்டியிருப்பது என்ன நியாயம் என்று அன்று பலரும் கேட்டார்கள். அரசின் வருவாய், வணிகரின் பிழைப்பு, தொழிலாளரின் கூலி ஆகியவற்றுக்காகப் பேசச் சங்கங்களும் துறைகளும் இருந்தன. காலையில் அரை மணி நேரம் நடந்தாக வேண்டிய இதய நோயாளிக்காகப் பேச அப்படி ஓர் அமைப்பு இல்லை.

இரண்டாம் அலையில் கொங்கு மண்டலம் மேலும் துன்புற்றது. 2021 மே இறுதியில் நாள்தோறும் பதிவான தொற்று எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையே விஞ்சியது. ஜூன் 14 முதல் 27 மாவட்டங்களில் பூங்காக்கள் காலை 6 மணி முதல் 9 மணி வரை நடைப்பயிற்சிக்காகத் திறக்கப்பட்டன. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர், நீலகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்கு அந்தத் தளர்வு அன்று கிடைக்கவில்லை. ஜூலை 5 அன்றுதான் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி வந்தது. தொற்று மிகுந்த மாவட்டங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவைப்பட்டது உண்மை. தொற்றிலிருந்து மீண்டு, தளர்ந்த நுரையீரலோடும் கால்களோடும் வீடு திரும்பியவர்கள் மிகுந்திருந்ததும் அதே மாவட்டங்களில்தான்.

ஆணைகளில் இருந்த ஒரு வரி

மத்திய அரசின் தளர்வு ஆணைகளில் மாதந்தோறும் ஒரு வரி மாறாமல் வந்துகொண்டிருந்தது. 65 வயதைக் கடந்தவர்கள், இணை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதே அந்த வரி. கதவு திறந்த பிறகும் இவர்களுக்கு அது திறக்கவில்லை.

இணை நோய் உள்ளவர்கள் என்றால் யாரோ சிலர் அல்லர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடைபெற்று 2023 இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாக மதிப்பிட்டது. அந்த ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர். இரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா ஆகியவற்றையும் சேர்த்தால், இணை நோய் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த வரியின் இறுதியில் ஒரு விதிவிலக்கும் இருந்தது: அத்தியாவசியத் தேவைக்கும் உடல்நலத் தேவைக்கும் இவர்கள் வெளியே வரலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த நடைப்பயிற்சியை உடல்நலத் தேவை என்று கொள்வதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அந்த விதிவிலக்கைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டியவர் யார்? நடைமுறையில் அந்தப் பொறுப்பு பூங்காவின் காவலாளியிடமும் குடியிருப்பின் வாட்ச்மேனிடமும் சங்கச் செயலாளரிடமும் போய்ச் சேர்ந்தது. அவர்கள் கையில் தெளிவான வழிகாட்டுதல் இல்லாதபோது, எல்லாருக்கும் மூடி வைப்பதே எளிய வழியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இரு தரப்பிலும் நோயாளியே

சங்கக் கூட்டங்களில் நிகழ்ந்த விவாதங்களைத் துணிந்தவர்களுக்கும் பயந்தவர்களுக்கும் இடையிலான சண்டையாகப் பலரும் கண்டனர். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. இரு தரப்பிலும் நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் இருந்தார்கள்.

"காலையில அரை மணி நேரம் நடக்காட்டி எனக்குச் சக்கரை ஏறிப் போயிருதுங்க. பார்க்கைத் தொறந்து உடுங்க" என்பார் ஒருவர். "எங்கப்பாவுக்கு இப்பத்தானுங்க கீமோ முடிஞ்சிருக்குது. நாலு பேரு கூடிப் பேசிட்டு நின்னா எங்களுக்குப் பயமா இருக்காதுங்களா?" என்பார் மற்றொருவர். இரண்டும் உண்மையான தேவைகள். ஒன்றைத் தன்னலம் என்றும் மற்றொன்றை வீண் அச்சம் என்றும் தள்ளியதால்தான் பல இடங்களில் பேச்சு முறிந்தது.

இந்தத் தேவைகளின் மருத்துவப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

இதய அறுவைச் சிகிச்சை, மாரடைப்பு ஆகியவற்றுக்குப் பின் படிப்படியாக நடையை உயர்த்துவது சிகிச்சையின் பகுதி. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் நடக்காமல் இருந்தால் தசைகள் மெலிந்து, சிறு வேலைக்கே மூச்சு வாங்கத் தொடங்கும். வயது வந்தோர் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் அவர்களின் இயலுமைக்கு ஏற்ப இது பொருந்தும். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் நடப்பதே ஒரு பிடிமானம். அது நின்றுபோனால் அமைதியின்மையும் தூக்கக் குறைவும் கூடக்கூடும். அதன் சுமை முழுவதும் பராமரிப்பவரின் தோளில் விழும்.

மறுபுறம், கீமோதெரபி பெறுவோர் பலருக்கு மருந்து செலுத்திய 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது சாதாரணக் காய்ச்சலே ஆபத்தாகலாம். சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்கிறார்கள். இவர்களுக்கு நெரிசல் உண்மையான அபாயம். ஆயினும் இவர்களுக்கும் காலாற நடக்க வேண்டும். நெரிசல் இல்லாத நேரமும் இடமுமே இவர்கள் வேண்டுவது. பூட்டிய கதவு இவர்களுக்கும் உதவாது.

காற்றா, கைப்பிடியா?

திறப்பதா மூடுவதா என்ற விவாதத்தைத் தீர்த்து வைத்திருக்கக்கூடியது, நோய் எப்படிப் பரவுகிறது என்ற அறிவு. தொடக்கத்தில் அது தெளிவாக இல்லை. தொடும் பொருள்களால் பரவுகிறது என்ற அச்சமே மேலோங்கியிருந்தது. பூங்கா இருக்கைகளும் ஊஞ்சல்களும் உடற்பயிற்சிக் கருவிகளும் ஆபத்தாகத் தெரிந்தன.

2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. காய்கறி வாங்க வருவோர் கைகளை உயர்த்தியபடி அதனுள் நடந்து சென்றனர். நாடெங்கும் பேசப்பட்ட அம்முயற்சியைப் பார்த்துப் பல ஊர்களில் அதுபோன்றவை எழுந்தன. மக்களின் மீது கிருமிநாசினி தெளிப்பது பயனற்றது. கண், தோல், மூச்சுக்குழாய் ஆகியவற்றுக்குத் தீங்கும் தரக்கூடியது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே மாதத்தில் அறிவுறுத்தியது. அமைத்தவர்களின் நோக்கம் நல்லதே. சந்தையை மூடாமல் நடத்த வழி தேடினார்கள். அன்று கையில் இருந்த அறிவு போதவில்லை.

பின்னர் அறிவு தெளிந்தது. காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகத் தொற்று பரவுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021 இல் தன் விளக்கங்களில் ஏற்றுக்கொண்டது. மாசுபட்ட பொருளைத் தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதே ஆண்டு ஏப்ரலில் கூறியது. காற்றோட்டமில்லாத அறையைவிடத் திறந்தவெளி பன்மடங்கு பாதுகாப்பானது என்பது உறுதிப்பட்டது. இதை முன்பே அறிந்திருந்தால், பூங்கா முன்னதாகவும் குளிரூட்டப்பட்ட அரங்கு பின்னதாகவும் திறந்திருக்கும்.

அறிவு தெளியாத அந்த நாள்களிலும் கொங்கு நாட்டில் நல்ல முன்மாதிரி ஒன்று இருந்தது. நெரிசலான காய்கறிச் சந்தைகளை முற்றிலும் மூடிவிடாமல், பேருந்து ஓடாததால் காலியாகக் கிடந்த பேருந்து நிலையங்களுக்கும் பள்ளித் திடல்களுக்கும் மாற்றினார்கள். கோவையிலும் அவ்வாறு நடந்தது. இடைவெளி விட்டுக் கடைகள் போடப்பட்டன. மேலே வானம், சுற்றிலும் காற்று. சென்னையிலோ கோயம்பேடு சந்தை நெரிசலோடு இயங்கித் தொற்றின் பெரும் மையமாகி, மே 5 அன்று மூடப்பட்டு, அதன் பிறகே திருமழிசைக்கு மாற்றப்பட்டது. திறப்பது, மூடுவது என்ற இரண்டுக்கும் இடையே இடத்தை மாற்றுவது, நேரத்தைப் பிரிப்பது, எண்ணிக்கையைக் குறைப்பது என்று வேறு வழிகளும் உண்டு என்பதை அந்தச் சந்தைகள் காட்டின. பூங்காக்களுக்கும் அதே முறை பொருந்தியிருக்கும்.

அது யாருடைய இடம்?

வாக்குவாதங்களின் அடியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. பூங்காவைப் பூட்டவும் திறக்கவும் உரிமை யாருக்கு?

மனைப் பிரிவுகளில் பூங்காவுக்காக ஒதுக்கப்படும் நிலத்தைக் கோவையில் 'ரிசர்வ் சைட்' என்றே வழங்குகிறோம். அங்கீகாரம் பெற்ற பெரிய மனைப் பிரிவுகளில் அந்நிலம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கப்படுகிறது. செடிக்குத் தண்ணீர் விடுவதும் வேலி போடுவதும் குடியிருப்போர் சங்கமாக இருக்கலாம், இடம் பொதுமக்களுடையது. அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்ளே இருக்கும் தோட்டம், உடற்பயிற்சி அறை, நீச்சல் குளம் ஆகியவற்றின் நிலை வேறு. அவை வீட்டு உரிமையாளர்கள் அனைவருக்கும் பொதுவானவை. அவற்றைச் சங்கம் தன் விதிகளின்படி நிர்வகிக்கிறது. உங்கள் தெருவில் பூட்டிக் கிடப்பது இவற்றுள் எந்த வகை என்று அறிந்துகொண்டால், யாரிடம் கேட்பது என்பது விளங்கிவிடும். முதல் வகைக்கு மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தையோ, திங்கள்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளையோ நாடலாம். இரண்டாம் வகைக்குச் சங்கத்தின் பொதுக்குழுவே முறையான இடம்.

மருத்துவமனையைச் சேர்ந்த நாங்கள் மறக்கக் கூடாத வழக்கு ஒன்று உண்டு. பெங்களூருவில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டுவதற்கு ஒதுக்கினார்கள். அப்பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தனர். மருத்துவமனையும் மக்களுக்குத் தேவையானதுதானே என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. 1991 இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாது என்று தீர்த்தது. பூங்காவும் மக்களின் நலவாழ்வுக்கு இன்றியமையாதது; ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிக்க இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். மருத்துவமனையில் பணியாற்றும் எங்களுக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. பூங்காவில் நடப்பவர்கள் மிகுந்தால் எங்கள் வார்டுகளில் படுப்பவர்கள் குறைவார்கள்.

அமைதிக் காலத்தில் செய்து வைக்க வேண்டியவை

இனி ஒரு தொற்று பரவினால், அது கோவிட்டாகவோ கடுமையான இன்ஃப்ளூயன்சாவாகவோ வேறொன்றாகவோ இருக்கலாம், உங்கள் பகுதியில் முன்வைக்கத்தக்க சில யோசனைகளை இங்கே தருகிறோம்.

முதலாவது, முன்னுரிமை நேரம். காலையில் கதவு திறந்ததும் முதல் ஒரு மணி நேரத்தை முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒதுக்கலாம். நெரிசலை அஞ்சுவோருக்கும் நடந்தே ஆக வேண்டியவர்களுக்கும் ஒரே ஏற்பாடு பயன்படும்.

இரண்டாவது, ஒருவழி நடை. எல்லாரும் ஒரே திசையில் நடந்தால் முகத்துக்கு முகம் நெருங்குவது குறையும். கூடி நின்று பேசுவதை மட்டும் தவிர்த்தால் போதும். இருக்கைகளை அகற்ற வேண்டியதில்லை. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை உட்கார்ந்து எழ வேண்டிய நோயாளிக்கு இருக்கை இல்லாத பூங்கா மூடிய பூங்காவுக்குச் சமம்.

மூன்றாவது, காற்றோட்டத்தின்படி வரிசை. திறந்தவெளித் தோட்டம் கடைசியாக மூடப்பட்டு முதலில் திறக்கப்பட வேண்டும். சன்னல் உள்ள சமுதாயக் கூடம் அதற்குப் பின். குளிரூட்டப்பட்ட உடற்பயிற்சி அறை இறுதியில். நீச்சல் குளத்தில் முறையாகக் குளோரின் கலந்த நீரைவிட, உடை மாற்றும் அறையின் நெரிசலே கவனிக்கத்தக்கது. எல்லாவற்றுக்கும் மேலாக, நடைமுறையில் உள்ள அரசாணையைப் பின்பற்ற வேண்டும்.

நான்காவது, மருத்துவரின் கடிதம். உங்கள் நோய்க்கு நடைப்பயிற்சி சிகிச்சையின் பகுதி என்றால், அதை எத்தனை நிமிடம், எந்த நேரத்தில் என்று குறித்து எழுதித் தருமாறு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நோயின் பெயரைச் சங்கத்திடம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தேவையைச் சொன்னால் போதும்.

ஐந்தாவது, வெளியே வரக் கூடாத நாள்களை அறிந்திருத்தல். கீமோதெரபிக்குப் பின் எதிர்ப்பாற்றல் குறையும் நாள்கள், காய்ச்சல் உள்ள நாள்கள், நெஞ்சு வலியோ புதிதாக மூச்சுத் திணறலோ தோன்றும் வேளை ஆகியவற்றில் பூங்காவைத் தவிர்த்து மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். அந்நாள்களில் மருத்துவர் அனுமதித்தால் மொட்டை மாடியிலோ வீட்டுக் கூடத்திலோ மெல்ல நடக்கலாம்.

ஆறாவது, பராமரிப்பவரின் இடம். நோயாளியை வீட்டில் விட்டு அரை மணி நேரம் தனியே நடந்து வருவது பராமரிப்பவருக்கு ஆடம்பரமன்று. அவரும் களைத்து விழாமல் இருக்க வேண்டும். முன்னுரிமை நேரத்தை வகுக்கும்போது அவரையும் கணக்கில் கொள்ளுமாறு கேளுங்கள்.

இவற்றுள் எதற்கும் பெரிய செலவில்லை. சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும். ஆனால் அந்தப் பக்கம் எழுதப்படும்போது நோயாளி உள்ள வீட்டிலிருந்து ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். படுக்கையில் இருப்பவரால் கூட்டத்திற்கு வர இயலாது. பராமரிப்பவருக்கோ நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் அவர்கள் இல்லாமலே, அவர்களைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. நேரில் செல்ல முடியாதவர்கள் நான்கு வரி எழுதிப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்தனுப்பலாம். உங்கள் பகுதியில் அடுத்த சங்கக் கூட்டம் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று இன்றே கேட்டு வையுங்கள்.